பம்புசெட் சுவரில் ஒரு கன்றுக்குட்டி

அத்தியாயம் 9

ஒரு வீட்டைப் பூட்டுவதற்குத் திண்டுக்கல் பூட்டுதான் வேண்டும் என்பதில்லை. ஒரு வாய்ச்சொல் போதும். போன ஞாயிற்றுக்கிழமை வரதன் தன் வீட்டை அப்படித்தான் பூட்டினான்.

"இன்னிலேர்ந்து இந்த வூட்ல தெலுங்கு கூடாது. சோறு கேட்டாலும் தமிள்லதான் கேக்கணும். சண்ட போட்டாலும் தமிள்லதான் போடணும். கொயந்த உருப்படணுமா, வேணாமா?"

குழந்தை என்று அவன் சொன்னது பாஞ்சாலியை. ஏழு வயது. உத்திரமேரூர் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் இரண்டாவது வருஷம். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வாயைத் திறக்கமாட்டாள். சிலேட்டையும் பலப்பத்தையும் கொடுத்தால் சிலேட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். "எழுத்தே ஏறலை. வீட்ல கொஞ்சம் தமிழ் பேசிப் பாருங்களேன்" என்று மார்த்தாள் டீச்சர் அக்கறையோடுதான் வரதனிடம் சொன்னாள்.

பூனைப் படத்தைக் காட்டியபோது பாஞ்சாலி "பில்லி" என்று வீட்டு வார்த்தையைச் சொல்லப்போய், வகுப்பே அவளை 'பில்லி சூனியம்' என்று கூப்பிட ஆரம்பித்த கதையை டீச்சர் சொல்லவில்லை. டீச்சருக்கே அது தெரியாது.

வரதனுடைய வம்சம் எந்தக் காலத்தில் வடக்கேயிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. பேச்சு தெலுங்கு. எழுத்து தமிழ். கல்யாணப் பத்திரிகையைத் தமிழில் அடித்துவிட்டு, வீடு வீடாகப் போய்த் தெலுங்கில் கூப்பிடுகிற குடும்பம். தெலுங்கில் ஒரு எழுத்துகூட அவர்களில் எவருக்கும் தெரியாது. அம்முலு தன் தாய்வீட்டுக்குப் போடுகிற கார்டுகூட அப்படித்தான். தமிழ் எழுத்தில் தெலுங்குப் பேச்சு. தபால் பெட்டிக்குப் போகும் வழியில் அதைப் படித்துப் பார்த்தவர்கள் தலையைச் சொறிவார்கள்.

அம்முலு திருத்தணிப் பக்கத்துப் பெண். கடையில் எண்ணெய் வாங்கவும், களையெடுக்க வருகிறவளோடு கூலிக்கு மல்லுக்கட்டவும் போதுமான தமிழ் அவளிடம் இருந்தது. பெற்ற பெண்ணைக் கொஞ்ச அது பத்தவில்லை.

தடை போட்ட அன்று ராத்திரி முயன்று பார்த்தாள். "தூங்கு கண்ணு" என்றாள். பாஞ்சாலி, பக்கத்து வீட்டுக்காரி யாரோ தட்டிக் கொடுப்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அம்முலு அன்றோடு வாயை மூடிக்கொண்டாள்.

அம்மாவுக்கு என்மேல் கோபம் என்று மகள் நினைத்தாள். மகளுக்கு என் வாயே பிடிக்கவில்லை என்று தாய் நினைத்தாள். இரண்டு பேரையும் சேர்த்து வைக்கக்கூடிய ஒரே பாஷை பூட்டுக்குள் இருந்தது.

இதோ, சனிக்கிழமை. இன்றைக்கு வரதனின் அக்கா கோவிந்தம்மாள் மெட்ராஸிலிருந்து வருகிறாள். பாஞ்சாலியைத் தன்னோடு வியாசர்பாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறாள். வரதன் நேற்றே போய் டி.சி. கேட்டுவிட்டு வந்துவிட்டான். சாயங்கால பஸ் புறப்படும்போது பாஞ்சாலியும் புறப்பட்டுவிடுவாள்.

அம்முலு வடை தட்டிக்கொண்டிருந்தாள். எண்ணெயில் அவள் கண்ணீரும் விழுந்திருந்தால் சட்டியே வெடித்திருக்கும்.

கொல்லையிலிருந்து திமுதிமுவென்று ஓடிவரும் சத்தம்.

பாஞ்சாலி! காலையில் கழனிக்குப் போய் பம்புசெட் சார்ப்பில் கட்டியிருக்கும் செவலைப் பசுவுக்குக் கழுநீர் வைப்பது அவள் வேலை. காலி வாளியோடு வந்து நின்றவளின் கண் இரண்டும் அகல் விளக்குபோல எரிந்தன.

"அம்மா! ஆவு... ஆவு..."

வரதன் உத்தரத்தில் கண்ணாடியைச் செருகி வைத்துச் சவரம் பண்ணிக்கொண்டிருந்தான். பம்புசெட் மெக்கானிக் அவன். பத்து ஊர் மோட்டாருக்கு வைத்தியம் பார்க்கிறவன். சோப்பு நுரையோடு திரும்பிச் சிரித்தான்.

"தமிள்ல சொல்லு கண்ணு."

நல்லவிதமாகத்தான் சொன்னான். ஆனால் பாஞ்சாலியின் வாய் பிடித்துத் தள்ளின கதவுபோல மூடிக்கொண்டது.

அவளுக்குத் தமிழே தெரியாது என்றில்லை. தெருவில் நொண்டி ஆடவும் சண்டை பிடிக்கவும் வருகிற தமிழ் இருந்தது. 'தமிழ்ல சொல்லு' என்று ஒருவர் எதிரே நின்று கேட்டுவிட்டால் போதும். தெரிந்ததும் ஓடி ஒளிந்துகொள்ளும்.

"மாடு..." என்றாள்.

"மாட்டுக்கு இன்னா? கவுத்த அவுத்துக்கினு பூட்சா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"கயினித் தண்ணி குடிக்கலியா?"

அதுவும் இல்லை. கையை விரித்து எதையோ அளந்து காட்டினாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்முலுவின் நெஞ்சு மகளிடம் தாவியது. நாக்கு தாவவில்லை. புருஷன் பத்தடி தூரத்தில் நிற்கிறான்.

"செரி, வார்த்த வரும்போது சொல்லு" என்று வரதன் கன்னத்தில் கத்தியை வைத்தான்.

பாஞ்சாலி அடுப்பருகே குனிந்தாள். அணைந்து கிடந்த கரித்துண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு மறுபடி கொல்லைப் பக்கம் ஓடினாள்.

கரி எதற்கு? கேட்க வேண்டும் என்று அம்முலுவுக்குத் தோன்றியது. எப்படிக் கேட்பது என்று யோசிப்பதற்குள் வடை கருகிவிட்டது.

* * *

"ஏமே அம்முலூ! எட உண்ணாரு அந்தரு?"

எல்லாரும் எங்கே என்று தெருமுனையிலிருந்தே கூவிக்கொண்டு வந்தாள் கோவிந்தம்மாள். ஒரு கையில் ரெக்சின் பை, மறு கையில் டிபன் கேரியர், இடுப்பில் செருகின வெற்றிலைப் பை. அவள் வருவது ஏரிக்கு மறுகரையில் இருப்பவனுக்கும் தெரியும்.

அம்முலு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பக்கத்தில் வரதன். அவன் பார்வை அவள் உதட்டின்மேல்.

"வாங்க... அண்ணி" என்றாள் அம்முலு.

கோவிந்தம்மாளின் ஒரு கால் வாசற்படிமேல் இருந்தது. மறு கால் தெருவில் இருந்தது. தெருவில் இருந்த கால் மேலே ஏறவில்லை.

"இன்னா சொன்ன?"

"வாங்கன்னு..."

"நா இன்னா, எல்ஐசி ஏஜண்டா?"

அந்தக் குடும்பங்களில் தமிழ் வெளி ஆளுக்கு. பால்காரருக்கு, கண்டக்டருக்கு, ரேஷன் கடைக்காரருக்கு. உள் ஆளுக்குத் தெலுங்கு. பாகம் பிரிக்கிற அன்றைக்குத்தான் அண்ணன் தம்பி பஞ்சாயத்தில் உட்கார்ந்து தமிழில் பேசிக்கொள்வார்கள். அன்றோடு அடுப்பு இரண்டாகும்.

நாத்தனாரைத் தமிழில் வரவேற்றால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினதற்குச் சமம். அது அம்முலுவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். வேறு வழி?

"டேய் வரதா! ஒன் பொண்டாட்டி என்ன அறுத்துவுட்டாடா!"

"அது இல்லக்கா. கொயந்தைக்குப் படிப்பு வரணும்னு, வூட்ல தமிள்தான் பேசறதுன்னு..."

"நீயுமாடா?" கோவிந்தம்மாளின் குரல் உடைந்தது. தம்பியும் தமிழில்தான் பதில் சொல்லியிருந்தான்.

அம்முலு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கோவிந்தம்மாள் அதைப் பார்க்கவே இல்லை. தெருவிலேயே ரெக்சின் பையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"தாகமா கீதுன்னு யார் சொன்னது? கொயந்தயக் கூப்புடு. பஸ் ஸ்டாண்டுல நா வந்த பஸ்ஸு திரும்பறதுக்குள்ள போயிடறேன். சாயங்காலம் வரிக்கும் வேத்து ஆளு வூட்ல எனக்கு இன்னா வேல?"

 சாயங்காலம் வரைக்குமாவது மகள் இருப்பாள் என்று இருந்தாள். அவள் சொன்ன ஒரு 'வாங்க' அந்த அரைநாளையும் பிடுங்கிக்கொண்டுவிட்டது.

"பாஞ்சாலி!" வரதன் கொல்லைப் பக்கம் குரல் கொடுத்தான்.

பதில் இல்லை.

"ஏ பாஞ்சாலி! அத்த வந்துகீது பாரு!"

தெருவில் இல்லை. எதிர் வீட்டில் இல்லை. "காலைலேர்ந்தே காணமே" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அம்முலு கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறக்க வந்து மூடிக்கொண்டு போன முகம். 'மாடு...' என்று நின்றுபோன பேச்சு. மாடு கட்டியிருக்கும் இடத்துக்கு நாலடி தள்ளிக் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு!

செம்பு உருண்டது. அம்முலு ஓடினாள்.

கொல்லை வேலி தாண்டி, வரப்பு தாண்டி, முடி அவிழ்ந்து ஓடினவள் எதிரே குடையோடு வந்த ஒருத்திமேல் மோதாத குறை. மார்த்தாள் டீச்சர்! தோளில் பை, அதில் துருத்திக்கொண்டு ஒரு பழுப்புக் கவர். நேற்று வரதன் டி.சி. கேட்டுவிட்டுப் போனதிலிருந்து அவளுக்கு மனம் சரியில்லை. 'வீட்ல தமிழ் பேசுங்க'ன்னுதானே சொன்னேன், ஊரை விட்டே அனுப்பச் சொல்லலையே என்று கேட்கத்தான், தெருவைச் சுற்றாமல் கழனி வழியாகக் குறுக்கே வந்துகொண்டிருந்தாள்.

"அம்முலும்மா! என்ன ஆச்சு?"

"நா பிட்டா!" என்று அலறினாள் அம்முலு. என் பிள்ளை!

ஒரு வார்த்தை தெலுங்கு தெரியாத மார்த்தாள் டீச்சருக்கு அதற்கு அர்த்தம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு அவளும் ஓடினாள்.

* * *

கிணறு தூரத்தில் தெரிந்தபோதே ஒரு சத்தம் கேட்டது.

"போ! போவே குக்கா! போ!"

பாஞ்சாலியின் குரல். வீட்டில் ஒரு வாரமாகக் கேட்காத குரல். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் கேட்டிராத குரல். தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

சார்ப்பின் கீழ் செவலைப் பசு நின்றது. அதன் காலடியில் வைக்கோல்மேல், பால்போல வெள்ளையாக, இன்னும் ஈரம் காயாத ஒரு கன்று. அதற்கு முன்னால் தன் உயரத்துக்கு ஒரு சவுக்குக் கழியைச் சுழற்றிக்கொண்டு பாஞ்சாலி. வரப்பின்மேல் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டு தெருநாய். வேப்பமரத்தில் காக்காய்க் கூட்டம்.

பசு அடுத்த வாரம்தான் ஈனும் என்று வரதன் கணக்குப் போட்டிருந்தான். பசுவின் கணக்கு வேறு. காலையில் கழுநீர் கொண்டுபோன பாஞ்சாலியின் கண்ணெதிரே அது ஈன்றுவிட்டது. அதைச் சொல்லத்தான் வீட்டுக்கு ஓடிவந்தாள். சொல்ல விடாததால் திரும்பி ஓடிப் போய்க் காவல் நின்றாள். காலையிலிருந்து, பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல்.

ஒரு கல்லில் இரண்டு நாயும் ஓடின. எறிந்தது டீச்சர்.

அம்முலு மகளை வாரி எடுத்தாள். பூட்டு எங்கே போயிற்று, சாவி எங்கே போயிற்று தெரியாது. என் தங்கமே, என் பொன்னே, சாப்பிட்டியா, கடிச்சுதா, பயந்தியா என்று அத்தனையும் தெலுங்கில். ஒரு வாரத்துக் கொஞ்சல் கலங்கல் தாண்டின ஏரித் தண்ணீராகக் கொட்டியது.

பாஞ்சாலி அம்மாவின் வாயையே பார்த்தாள். கரிக்கையால் தொட்டும் பார்த்தாள்.

"அம்மா, நூவு மாட்லாடுதாவா?"

அம்மா, நீ பேசுறியா?

"மாட்லாடுதா தல்லி" என்றாள் அம்முலு. பேசறேன்டி தாயே, பேசறேன்.

வரதன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். பின்னால் கோவிந்தம்மாள், கையில் செருப்போடு. கன்றைப் பார்த்ததும் வரதனுக்கு முகமெல்லாம் பல்.

"பொட்டக் கன்னு! அக்கா, பொட்டக் கன்னுக்கா!" என்றவன் நிமிர்ந்தான். பல் மறைந்தது.

பம்புசெட் அறைச் சுவர்! பொங்கலுக்கு அவன் கையாலேயே சுண்ணாம்பு அடித்த சுவர். அதில் இடுப்பு உயரத்துக்கு, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் கரி, கரி, கரி.

"ஏய்! இன்னா வேல பண்ணி வெச்சிகீற!"

கை ஓங்கவில்லை. ஆனால் ஓங்குகிற குரல்தான். பாஞ்சாலி அம்மாவின் கழுத்துக்குள் புதைந்தாள்.

"சும்மா இருங்க" என்றாள் மார்த்தாள் டீச்சர்.

அவள் வரதனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போனாள். குனிந்தாள். கோணலும் மாணலுமாக, ஆனால் ஒவ்வொன்றும் தலையும் காலும் உள்ள, அசல் தமிழ் எழுத்து.

டீச்சர் சத்தமாகப் படித்தாள்.

"ஆவு... ஈனிந்தி. தூடா... தெல்லகா உந்தி."

கோவிந்தம்மாளின் கையிலிருந்து செருப்பு விழுந்தது.

"குக்கா ஒச்சிந்தி. நேனு... தரிமிதி." டீச்சர் நகர்ந்து நகர்ந்து படித்தாள். "அம்மா... மாட்லாடேதி லேது. எவரூ... ராலேது."

படித்து முடித்துவிட்டுத் திரும்பினாள். "எழுத்தெல்லாம் சரியாத்தான் படிச்சேன். எனக்கு ஒண்ணுமே புரியலையே!"

"நா சொல்றேன் டீச்சரம்மா" என்றாள் கோவிந்தம்மாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "பசு ஈன்டுச்சாம். கன்னு வெள்ளையா கீதாம். நாயி வந்துச்சாம், இவ தொரத்தினாளாம். அம்மா பேசறது இல்லியாம்..." நிறுத்தித் தம்பியைப் பார்த்தாள். "யாருமே வர்லியாம்டா."

அந்தக் கடைசி வார்த்தை வரதனின் நெஞ்சில் நேராகப் போய் இறங்கியது. காலையில் சவரம் செய்த கன்னத்தைத் தடவிக்கொண்டான். 'வார்த்த வரும்போது சொல்லு' என்று அவன்தான் சொன்னான். வார்த்தை அப்போதே வந்துதான் இருந்தது.

அசட்டுத்தனத்தை மறைக்க அப்பன்கள் செய்வதையே அவனும் செய்தான். அதட்டினான்.

"தெலுங்கு கூடாதுன்னு சொன்னனா, இல்லியா?"

பாஞ்சாலி அம்மாவின் கழுத்திலிருந்து தலையை எடுத்தாள்.

"பேசக் கூடாதுன்னுதான் சொன்ன நைனா. எழுதக் கூடாதுன்னு சொல்லல."

தமிழில் சொன்னாள். திக்காமல், திணறாமல், முழுசாக.

 கோவிந்தம்மாள் வெடித்துச் சிரித்தாள். "வாதாடறா பாருடா! ஐகோர்ட்டுக்கு ஆளு ரெடி!"

டீச்சர் சிரிக்கவில்லை. சுவருக்கே திரும்பி நின்றாள்.

"இவளுக்கு எழுத்து ஏறலைன்னு சொன்னவ நான். இத்தனை எழுத்தும் இவ கையில இருந்திருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப நான் படிச்சேன் பாருங்க, ஒண்ணும் புரியாம, எழுத்தை மட்டும். என் நாக்கே எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்துச்சு. இவ புஸ்தகத்தை விரிச்சா தினம் இப்படித்தானே இருந்திருக்கும்?"

பாஞ்சாலியின் பக்கத்தில் வந்து குனிந்தாள். "ஏண்டி கண்ணு, இப்படி எழுத யார் சொல்லிக்கொடுத்தா?"

பாஞ்சாலி அம்மாவைக் காட்டினாள். "ஆயாவுக்குக் கார்டு எழுதுமே."

"நா ஒண்ணும் சொல்லித் தர்ல டீச்சரம்மா" என்றாள் அம்முலு பதறி. "நா எழுதறப்போ பக்கத்துல குந்திக்கினு இருப்பா. அவ்ளோதான்."

"அவ்வளவு போதும்மா" என்றாள் டீச்சர்.

பழுப்புக் கவரைப் பையிலிருந்து எடுத்து வரதனிடம் காட்டினாள். அவன் கை நீட்டுவதற்குள் திரும்பப் பைக்குள் போட்டாள்.

"இந்த டி.சி. திங்கக்கிழமை ஹெட்மாஸ்டர் மேஜைக்கே திரும்பிப் போயிடும். வீட்ல தமிழ் பேசுங்கன்னு நான் சொன்னது தப்பு. நீங்க பேசறதையே பேசுங்க. கதை சொல்லுங்க, திட்டுங்க, பாட்டுப் பாடுங்க. திங்கக்கிழமை இந்தக் கன்னுக்குட்டிக் கதையைப் போர்டுல எழுத வைக்கிறேன், இவ பாஷையிலேயே. அப்புறம் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து அதைத் தமிழ்ல பண்றோம். இவ எனக்குச் சொல்லிக்கொடுப்பா, நான் இவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன்."

"பசங்க சிரிப்பானுங்களே" என்றாள் பாஞ்சாலி மெதுவாக.

"முதல்ல நான் படிப்பேன். என்னைப் பாத்துத்தான் முதல்ல சிரிப்பாங்க." டீச்சர் எதையோ யோசித்தாள். "சைக்கிள் கடைக்காரர் பையன் முஸ்தபாவும் உன்னாட்டம் வாயே திறக்கறதில்ல. அவங்க வீட்ல உருது. அவனையும் எழுதச் சொல்லிப் பாக்கணும்..."

* * *

எல்லாம் சரி. கோவிந்தம்மாள்?

"அப்ப நா வெறுங்கைய வீசிக்கினு போவணுமா?" என்றாள் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்து. பை தெருவில் போட்டபடியே கிடந்தது.

"அக்கா, தமிள் நல்லா வரணும்னுதான் ஒங்கூட அனுப்பலாம்னு..."

"தமிளா? அட பைத்தியக்காரா!" கோவிந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "எம் பசங்க ரெண்டு பேரும் 'இன்னாம்மா'ன்றானுங்க. மருமவளுக்கு நம்ம பேச்சு தெரியாது. பேரன் டாடி, மம்மின்றான். அந்த மனுஷன் போனதுக்கப்புறம் தெலுங்குல திட்டறதுக்குக்கூட எனக்கு ஒரு ஆளு இல்லடா. இவ ஒருத்தி கூட இருந்தா வாய் நெறயப் பேசலாமேன்னுதான் கேட்டேன். இங்க வந்து பாத்தா, இந்த வூட்லயும் 'வாங்க'ன்றீங்க!"

 தெலுங்கை மறக்க அவன் அனுப்புகிறான். தெலுங்குக்காக அவள் கேட்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு குழந்தை பஸ் ஏறியிருக்கும்.

அம்முலு உள்ளே போனாள். செம்பைக் கழுவிப் புதுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காலையில் நின்ற அதே இடத்தில் நின்றாள்.

"ராண்டி ஒதினா" என்றாள்.

கோவிந்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். தெருவில் இருந்த கால் படியேறியது. செம்பை வாங்கி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"காலைலேர்ந்து தொண்ட காஞ்சி கெடக்குது. கல்லு மனசு ஒங்களுக்கு!" என்றாள் தெலுங்கில். பிறகு தம்பியைப் பார்த்துத் தமிழில்: "சீம்பால் தீர்ற வரிக்கும் நா எங்கயும் போமாட்டேன். போவச் சொல்லிப் பாரு, அதயும் தமிள்ல சொல்லிப் பாரு!"

கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு வரதன் கறந்தான். வெல்லமும் ஏலக்காயும் போட்டு அம்முலு அதை ஆவியில் வைத்து எடுத்தாள். சீம்பாலின் முதல் பங்கு வீட்டுச் சாமிக்கு. அடுத்தது வயதில் மூத்தவருக்கு. இன்றைக்குக் கோவிந்தம்மாளே தட்டை டீச்சர் பக்கம் தள்ளினாள்.

டீச்சர் சாப்பிடுவதை அம்முலு தூணோரம் நின்று பார்த்தாள்.

தப்பு யோசனை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சொன்ன யோசனை என்ன ஆயிற்று என்று வெயிலில் நடந்து வந்து பார்க்க எத்தனை பேர்? பார்த்த பிறகு, 'என் தப்பு' என்று வாய்விட்டுச் சொல்ல எத்தனை பேர்? இந்த டீச்சருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று அம்முலுவின் உடம்பெல்லாம் தவித்தது. தமிழில் தேடினாள். தெலுங்கிலும் தேடினாள். இரண்டிலும் அவள் வாயில் புழங்குகிற வார்த்தையாக ஒன்றும் அகப்படவில்லை.

"சூடா கீது டீச்சரம்மா. பாத்து..." என்றாள்.

டீச்சர் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "புரியுது" என்றாள்.

* * *

பொழுது சாயும் நேரம். வீட்டுக்குள் கோவிந்தம்மாளும் பாஞ்சாலியும் போட்டி போட்டுக்கொண்டு பேசுவது கழனி வரைக்கும் கேட்டது. ராஜா கதை. நடுநடுவே பாஞ்சாலி திருத்துகிறாள். அத்தை விடுவதாக இல்லை.

அம்முலு ஒரு கட்டு வைக்கோலை எடுத்துக்கொண்டு பம்புசெட்டுக்கு வந்தாள். பசுவுக்குப் போட்டாள். கன்றைத் தடவினாள். அந்த நாய்களுக்குக்கூட ஒரு கவளம் சோறு போடலாம் போல மனம் அப்படி நிறைந்திருந்தது. அதுகள் வராமலிருந்தால் பாஞ்சாலி எழுதிவிட்டு அப்போதே வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். யாரும் தேடி வந்து சுவரைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

மகளுடைய எழுத்தை இன்னொரு தரம் பார்க்க ஆசை வந்தது. அறைக்குள் போய் லைட்டைப் போட்டாள். வெளிச்சுவர் பூராவும் எழுதியவள் உள்ளேயும் ஏதாவது எழுதியிருப்பாளோ?

எழுதியிருந்தாள்.

மோட்டாருக்குப் பின்னால், தரையோரமாக, ஒரு குழந்தை குந்தி உட்கார்ந்தால் மட்டும் எட்டுகிற இடத்தில் ஒரே ஒரு வரி. இன்றைக்கு எழுதினது இல்லை. பாதி மங்கியிருந்தது. யாரோ துணியால் துடைக்கப் பார்த்து, முடியாமல் விட்டிருந்தார்கள்.

அம்முலு குனிந்து எழுத்துக் கூட்டினாள்.

'நைனா ஈட ஏட்சினாடு.'

அப்பா இங்கே அழுதார்.

பத்து ஊர் மோட்டாரைப் பார்க்கிறவன், எப்போதும் சிரித்த முகம், அவனா? எப்போது? எதற்கு? அவள் அறியாமல்? இந்தப் பெண் எத்தனை நாளாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அலைந்தாள்?

வாசலில் நிழல் விழுந்தது. வரதன்.

அவள் எதைப் பார்க்கிறாள் என்று அவன் பார்த்தான். உள்ளே வந்து, வேலை இருப்பவன்போல ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, அந்த மூலைக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டான். ஒரு வாரத்துக்குப் பிறகு அவளிடம் தெலுங்கில் பேசினான்.

"வெளிச்சுவரு அப்படியே இருக்கட்டும் அம்முலு. எம் பொண்ணு எழுதுனது. சாவற வரிக்கும் அதுமேல சுண்ணாம்பு படாது." ஸ்பேனரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "நாளைக்கு இந்த ஓரத்துல மட்டும் ஒரு கை அடிச்சிடறேன்."

அம்முலு அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த, சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை எடுத்து, அவன் கைக்கு எட்டாமல் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.